மூன்றாவது கேள்விக்கு ஒரே பெயர்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. விருதுநகரில் பஸ் ஏறினால் சாத்தூர் வருவதற்குள் இரண்டு தடவை இடம் மாறி உட்காருவேன். வகுப்பில் ஒரு நாற்காலி கிடக்கிறது. அதில் நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீச்சருக்குக் காலில் சக்கரம் என்று பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் சொல்வதும் எனக்குத் தெரியும். இப்படிப்பட்டவள் கையில் ஒரு புது வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்தப் பயிற்சி கொடுத்தவர்களாவது யோசித்திருக்கலாம்.

கோடை விடுமுறை முடிந்த கையோடு மூன்று நாள் பயிற்சி. வகுப்பில் யாருக்கு யார் நெருக்கம், யார் தனியாகக் கிடக்கிறார்கள் என்பதைப் படமாக வரைய வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வட்டம். அந்தப் பிள்ளை யார் பெயரை எழுதுகிறதோ அவருடைய வட்டத்துக்கு ஓர் அம்பு. அம்பே வராத பிள்ளையைக் கண்டுபிடித்துக் கைகொடுக்க வேண்டும். அம்பெல்லாம் ஒரே பிள்ளை மேல் குவிந்தால் அதன் பாரத்தைப் பிரித்துவிட வேண்டும். பிள்ளைகளின் மனசு சரியாக இருந்தால் படிப்பு தானாக ஏறும் என்றார்கள். மற்ற பயிற்சிகளில் எல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிற ஆள் நான். இதில் முதல் வரிசைக்கு வந்துவிட்டேன். கணக்கு டீச்சரிடம் வட்டத்தையும் கோட்டையும் காட்டினால் விடுவேனா?

எங்கள் பள்ளிக்கூடம் வெம்பக்கோட்டைக்கும் தாயில்பட்டிக்கும் நடுவில், சுற்றிலும் கரிசலும் பட்டாசு கம்பெனி கொட்டகைகளுமாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவுக்கு நான்தான் வகுப்பு டீச்சர். பள்ளி திறந்த இரண்டாம் வாரமே ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்டேன். யார் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கப் பிடிக்கும்? பாடத்தில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பாய்? பயமோ கவலையோ வந்தால் யாரிடம் போவாய்? அவ்வளவுதான். அதற்கே ஒரு பீரியட் போய்விட்டது. ஒருவன் தன் பெயரையே எழுதலாமா என்று கேட்டான். இன்னொருத்தி, சண்டை போட்டவள் பெயரை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடிக்கலாமா என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சார்ட் பேப்பரை விரித்துக் குனிந்தவள், இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியைக்கூட மறந்துவிட்டேன். யாருக்கு ஜாதகம் எழுதுகிறாய் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். முதல் இரண்டு கேள்விக்கும் நான் எதிர்பார்த்த மாதிரிதான் அம்புகள் போயின. மூன்றாவது கேள்விக்கு வந்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஒரே பெயரை எழுதியிருந்தார்கள்.

அந்தப் பெண் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் இருப்பவள். இருக்கிற இடம் தெரியாது. கணக்கில் தேறினால் பெரிய விஷயம். பேச்சுப்போட்டி, பாட்டு, விளையாட்டு எதிலும் கிடையாது. அடாவடி செய்கிற பையன்கள் நான்கு பேர் பின் பெஞ்சில் உண்டு. அவர்களும் இவள் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். அவளுடைய தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு கேள்விக்கும் பக்கத்தில் இருப்பவள் பெயர். மூன்றாவதில் ஒன்றும் எழுதவில்லை.

பொதுவாக எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் கோபம்தான் வரும். அதற்கப்புறம் அவளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவாள். பிரேயர் மணி அடிக்கும்வரை தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நிற்பாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து என்னவோ கேட்பார்கள், அவள் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை சொல்வாள், அவர்கள் போய்விடுவார்கள். நான் கிட்டே போனால் எல்லார் வாயும் மூடிக்கொள்ளும். என்ன சங்கதி என்றால் சும்மாதான் டீச்சர் என்பார்கள். காதல் கடிதமா, வினாத்தாளா, கோள்மூட்டும் வேலையா என்று நான் யோசிக்காத கெட்ட விஷயம் இல்லை.

ஒருநாள் தேற்றம் ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தேன். நான்கு நாள் மாற்றி மாற்றிச் சொல்லி, அன்றைக்குத்தான் பிள்ளைகள் முகத்தில் வெளிச்சம் வருகிறது. அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் 'டம்' என்று ஒரு சத்தம். வகுப்பே என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பியது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு இலேசாகத் தலையை ஆட்டி, இல்லை என்றாள். கல்குவாரி வெடியாம். எல்லாரும் திரும்ப நோட்டைப் பார்த்தார்கள். தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நிற்பவள் நான், இவர்களுக்கு அனுமதி கொடுப்பது அவளா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருதுநகரில் பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒரு சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு மனசில் என்ன ஓடும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். இந்தப் பெண் மேல் எல்லாரும் சாய்கிறார்கள், இவளுக்கும் படிப்பு ஏறவில்லை, அவர்களுக்கும் கவனம் இல்லை, பி பிரிவுக்கு மாற்றினால் இரண்டு பக்கமும் நல்லது என்று வரைபடத்தில் கைவைத்துச் சொன்னேன். அவர் ஃபைலில் இருந்து தலையைத் தூக்காமல், நன்றாகப் போகிற வகுப்பை எதற்கம்மா கிண்டுகிறீர்கள் என்றார். நான் விடவில்லை. கடைசியில் என் தொல்லை பொறுக்காமல் கையெழுத்துப் போட்டார். பி பிரிவு மைதானத்துக்கு அந்தப் பக்கம், புதுக் கட்டடத்தில். அவர்களுக்குத் தண்ணீர்க் குழாயும் பிரேயரும் அங்கேயே.

மாற்றிய நாலாம் நாள் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றாலும் வரவில்லை.

"டீச்சர், என்னைய பழைய கிளாஸ்லயே விட்ருங்க."

"ஏன், அங்க என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல டீச்சர். இங்கன இருக்கவுக என்னையத் தேடுவாக."

"நீ என்ன கலெக்டரா, உன்னைத் தேடுறதுக்கு? போய்ப் படிக்கிற வழியைப் பாரு."

அவள் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு சரிங்க டீச்சர் என்று போய்விட்டாள். அந்த ஒரு நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

இதில் கொடுமை, என் கணக்கு சரியாக வந்தது. காலாண்டுத் தேர்வில் அவள் கணக்கில் நல்ல மார்க் எடுத்தாள். ஏ பிரிவில்தான் என்னவோ ஆகிவிட்டது. பீரியடுக்குப் பத்துப் பேர் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்பார்கள். தலைவலி, வயிற்றுவலி என்று வரிசையாக வந்து நிற்பார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் பாதிப் பேர் மைதானத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடுவார்கள். நான் அதையும் தடுத்தேன். ஒரு வகுப்புப் பிள்ளைகள் இன்னொரு வகுப்புப் பக்கம் போகக் கூடாது என்று போர்டிலேயே எழுதிப் போட்டேன்.

அப்புறம் அதே மூன்று கேள்விகளை மறுபடி கேட்டு இரண்டாவது படம் வரைந்தேன். மூன்றாவது கேள்விக்கு நிறையப் பேர் எழுதவேயில்லை. எனக்கு எம்புட்டு சந்தோஷம்! பயம் வந்தால் யாரிடம் போவாய் என்று கேட்டால் பதில் இல்லை. அப்படியென்றால் பயமே இல்லை என்று அர்த்தம் செய்துகொண்டேன். படிப்பு இருந்து என்ன பிரயோஜனம்? இரண்டு படத்தையும் போட்டோ எடுத்துப் பயிற்சி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆர்டர் குவிகிற சீசன். பிள்ளைகளின் அம்மாக்கள் விடிந்தும் விடியாமலும் வேனில் ஏறிப் போய்விடுவார்கள். காலைச் சாப்பாடு இல்லாமல் வருகிற பிள்ளைகள் அதிகம். அன்றைக்கு மூன்றாவது பீரியட். ஜன்னல் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் கம்பிதான் அதிர்ந்தது. அடுத்துதான் சத்தம் வந்தது. அது குவாரி வெடி இல்லை என்று எனக்கே தெரிந்தது. தெற்கே, தாயில்பட்டிப் பக்கம், வெள்ளையும் கறுப்புமாகப் புகை எழும்பியது.

ஒரு பிள்ளையும் கத்தவில்லை. மொத்த வகுப்பும் எழுந்து ஓடியது. உட்காருங்கலே, யாரும் வெளியே போகக் கூடாது என்று நான் கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. வீட்டைப் பார்த்து ஓடுகிறார்கள், ரோட்டில் ஆம்புலன்ஸும் வேனும் பறக்குமே என்று நினைத்தேன். செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினேன். அவர்கள் கேட்டுக்குப் போகவில்லை. மைதானத்தைக் குறுக்கே கடந்து பி பிரிவு வாசலில் போய் அப்பிக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே அந்தப் பெண் பெஞ்சு மேல் ஏறி ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பி பிரிவு டீச்சர் சாக்பீஸும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். அவள் திரும்பினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒங்க அம்மா சாத்தூர் ரோட்டுல இறங்குனாக. அங்கன இல்ல. ஒங்க அம்மாவும் அத்தையும் கண்மாய்க்கரைக் கம்பெனி. இன்னைக்கு லோடு இல்லைன்னு ஒங்க அம்மா வண்டியே ஏறல, வீட்லதான் இருக்காக. ஏலே, நீ அழுகாத, ஒங்க அம்மா கடைசிக் கம்பெனில இறங்குனாக, அது இந்தப் பக்கம்."

சொல்லக் கேட்ட பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும். அடாவடிப் பையன்களில் ஒருவன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். என் பக்கத்தில் நின்ற என் வகுப்புப் பெண் ஒருத்தியின் தோளைப் பிடித்து இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வேன் இவளுடைய தாய்மாமனுடையதாம். காலையில் இவள் முன் சீட்டில் உட்கார்ந்து வருவாள். எந்தக் கம்பெனியில் அன்றைக்கு வேலையோ அங்கே அங்கே ஆட்களை இறக்கிவிட்டு, கடைசியில் இவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவார் மாமா. நேற்றுப் போன இடத்துக்கு இன்றைக்குப் போக மாட்டார்கள், எங்கே இறங்குவோம் என்று வேனில் ஏறும்போது அவர்களுக்கே தெரியாது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள். பாதிக் கம்பெனிக்கு லைசென்ஸ் கிடையாது, எந்தக் கம்பெனி என்று வெளியாட்களிடம் மூச்சு விடக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாம். அதனால் யாருடைய அம்மா எங்கே இருக்கிறாள் என்பது பள்ளிக்கூடத்தில் இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தினமும் காலையில் குழாயடியில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்துவிட்டால் அன்றைய பொழுது பாடம் படிக்கலாம்.

வெளியாள் என்றால் நான்தான். அதைத்தான் நான் அம்பு போட்டு வரைந்து, பாரம் என்று பெயர் வைத்து, பிடுங்கி மைதானத்துக்கு அந்தப் பக்கம் நட்டு வைத்திருந்தேன்.

சொல்லி முடித்துவிட்டாள். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஒன்றிரண்டு பிள்ளைகள் சிரிக்கக்கூடச் சிரித்தார்கள். அவள் மட்டும் பெஞ்சை விட்டு இறங்கவில்லை. திரும்பப் புகையையே பார்த்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள்தானே பதில் சொல்கிறவள், அவளிடம் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தோன்றும்? நான் கிட்டே போனேன்.

"உங்க அம்மா எங்கம்மா இறங்குனாங்க?"

"அங்கனதான் டீச்சர்."

அவளை இறக்கி உட்கார வைத்தேன். மாமாவின் நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். தலைமையாசிரியர் தெரிந்த போலீஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் ரோட்டையே மறித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அவ்வளவுதான். நான் வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. ஒண்ணும் இருக்காதும்மா, அம்மா நல்லா இருப்பாங்க, இருக்கன்குடி மாரியம்மன் பார்த்துக்குவா, ஒண்ணும் ஆகாது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"தெரியாம சொல்லாதீங்க டீச்சர். தெரியாம நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் தட்டை எடுக்கவில்லை. அப்புறம் போன் வந்தது. மாமாதான். சிவகாசி ஆஸ்பத்திரியில் இருந்து பேசினார். அவர் சொன்னதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு அவளிடம் சொன்னேன். அம்மா உயிரோடு இருக்கிறார்கள். கை கழுவ வெளியே வந்திருந்தார்கள். சுவர் சரிந்து கால் அடிபட்டிருக்கிறது, வலது கை வெந்திருக்கிறது. உள்ளே இருந்த இரண்டு பேர் பிழைக்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றேன். அவள் அப்போதுதான் அழுதாள். என் சேலை முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு மேல் அவள் பள்ளிக்கு வரவில்லை. சமையல், துணி, அம்மாவின் கட்டுக்கு மருந்து போடுவது எல்லாம் அவள்தான். படிப்பு நின்றுவிடுமோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாரம் தவறாமல் சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் நின்றுவிடுவேன். என்ன டீச்சர் இப்படி அலையுறீக, காப்பித்தண்ணி குடிச்சீகளா என்பார் அவள் அம்மா, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. மகள் படிக்கட்டும், நிறுத்த மாட்டேன் என்று ஒரு தடவை அவராகவே சொன்னார். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தேன்.

தலைமையாசிரியரிடம் நானே போய், நான் செய்தது தப்பு, அவளை மறுபடி ஏ பிரிவுக்கே மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் ஃபைலை இழுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொங்கல் விடுமுறை முடிந்து அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் வகுப்புக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலோரப் பெஞ்சைத் தண்ணீர் விட்டுத் துடைத்தார்கள். அடாவடிப் பையன்கள் அதில் யாரையும் உட்கார விடவில்லை.

வந்தாள். மெலிந்திருந்தாள். வாசல்படியில் நின்றவள் உள்ளே கால் வைக்கவில்லை. வாம்மா, உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்றேன். அவள் பெஞ்சைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், பிறகு என்னிடம் மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"வேணாம் டீச்சர். நான் பி-யிலயே இருந்துக்கிறேன். இப்ப நான் மாமா வண்டியில வர்றதில்ல, பஸ்ஸுலதான் வாரேன். அந்த வண்டியில ஏற முடியல. யாரு எங்கன இறங்குறாகன்னு எனக்குத் தெரியாது. இவுக கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கேட்பார்கள். கேட்காமல் இருக்க அவர்களால் முடியாது. சரிம்மா, போ என்றேன். அவள் மைதானத்தைக் கடந்து போவதைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

நான் போர்டுப் பக்கம் திரும்பிக் கணக்கை எழுத ஆரம்பித்தேன். பின்னால் ஒரு பெண் எழுந்து நின்றாள். வெடிச் சத்தத்தன்று என் பக்கத்தில் நின்றவள்தான். அவளுடைய அம்மா இப்போதும் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அப்ப இனி நாங்க யாருகிட்ட டீச்சர் கேக்க?"

நாற்பது பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.